மெல்லிய சுவரும் 50 பென்ஸ் குற்றியும்

வணக்கம் நேயர்களே. கடலோர விடுமுறை முகாம்களைப் பற்றிப் பதினைந்து நிமிடம் பேசுங்கள் என்று நிலையத்தில் கேட்டார்கள். பதினைந்து நிமிடம் எந்த மூலைக்குக் காணும் என்றேன். வீட்டில் இந்தக் கதையை நான் தொடங்கினால் பிள்ளைகள் ஒவ்வொருவராக எழும்பிப் போய்விடுவார்கள். நீங்கள் எழும்பிப் போனாலும் எனக்குத் தெரியப் போவதில்லை. வானொலியில் அது ஒரு வசதி.

இங்கிலாந்தின் தென்கரையில் ஒரு விடுமுறை முகாம் இருக்கிறது. பெயரைச் சொல்ல மாட்டேன். விளம்பரமும் வேண்டாம், வழக்கும் வேண்டாம். எங்கள் குடும்பம் 1993-இல் இருந்து கோடை விடுமுறைக்கு அங்கேதான் போய் வந்தது. அதன் பழைய ஷலே வரிசைகளை எல்லாம் இடித்துப் புதிதாகக் கட்டிவிட்டார்கள். நல்லதா கெட்டதா என்று கேட்டால், காலையில் ஒரு பதிலும் இரவில் ஒரு பதிலும் சொல்கிற நிலையில் இருக்கிறேன்.

இளையவர்களுக்காக ஷலே என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். நீளமான ஒரு கட்டடம். அதில் வரிசையாகக் கதவுகள். ஒரு கதவுக்குள் இரண்டு சின்ன அறை, நின்று திரும்ப முடியாத ஒரு குசினி. அடுத்த கதவுக்குள் அடுத்த குடும்பம். நடுவில் ஒரு சுவர். சுவர் என்று மரியாதைக்குச் சொல்கிறேன், அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் ‘நூறு வயது’ சொல்லலாம். முன்னால் புல்தரை, அதில் எல்லோருக்கும் பொதுவாகத் துணி காயப்போடும் கயிறு. கொஞ்சத் தூரத்தில் கடல். நம்முடைய கடலை நினைக்காதீர்கள். ஆகஸ்ட் மாதத்திலும் காலை வைத்தால் எலும்புக்குள் குளிரும்.

முதல் வருடம் பத்திரிகையில் கூப்பன் வெட்டிச் சேர்த்துத்தான் போனோம். இவருக்கு அப்போது பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை. முழுக் கிழமைக்கும் கட்டிய காசு இவருடைய ஒரு கிழமைச் சம்பளத்தில் பாதிகூட இல்லை. சோறு அவிக்கிற குக்கர், ஐந்து கிலோ அரிசி, ஒரு போத்தல் மிளகாய்த்தூள், ஊரில் இருந்து வந்த கருவாடு எல்லாம் காரில் ஏறின. கருவாடு வேண்டாம் என்று இவர் சொன்னார். நான் கேட்கவில்லை.

முதல் இரவே சோறு பாதி வெந்திருக்கும்போது கரண்ட் போய்விட்டது. ஷலேக்குள் ஒரு மீட்டர் இருந்தது, 50 பென்ஸ் குற்றி போட்டால்தான் ஓடும். அது எங்களுக்குத் தெரியாது. கையில் தாள் காசு இருக்கிறது, குற்றி இல்லை. கடை பூட்டியாயிற்று. இருட்டில் சின்னவன் அழுகிறான், மூத்தவள் பசி என்கிறாள், நானும் இவரும் யார் பிழை என்று சத்தம் போடுகிறோம். எல்லாம் தமிழில்தான். திடீரென்று சுவரில் டொக் டொக் என்று இரண்டு தட்டு. சத்தம் போடுகிறோம் என்று ஏசப்போகிறார்கள் என்று அப்படியே வாயை மூடிக்கொண்டோம். பிறகு கதவில் தட்டு. திறந்தால் ஒரு வெள்ளைக்காரக் கிழவர், பிஜாமாவோடு, கையில் ஒரு பழைய புகையிலைத் தகரம். அது நிறைய 50 பென்ஸ் குற்றிகள். நாங்கள் பேசியதில் ஒரு சொல் அவருக்கு விளங்கியிருக்காது. ஆனால் யன்னலில் வெளிச்சம் போனதையும் சண்டை தொடங்கியதையும் வைத்துக் கணக்குப் போட்டுவிட்டார். அந்த வரிசையில் ஒவ்வொரு வருடமும் முதல் இரவு யாரோ ஒருவர் இருட்டில் சண்டை பிடிப்பார்களாம். அதற்காகவே வங்கியில் குற்றியாக மாற்றிக்கொண்டு வருவாராம்.

கொவென்ட்ரியில் பஸ் ஓட்டியவர். அவருடைய மனைவி அடுத்த நாள் மழை வந்தபோது, நாங்கள் கடற்கரையில் இருக்க, எங்கள் துணிகளையும் கயிற்றில் இருந்து எடுத்து மடித்து வைத்திருந்தார். அதில் இவருடைய சாரமும் இருந்தது. இரண்டு பக்கமும் திறந்து கிடக்கிற இந்தத் தலையணை உறை எந்தக் கட்டிலுக்கு என்று கேட்டார். இவர் உடனே உள்ளே போய்க் கட்டிக்கொண்டு வந்து காட்டினார். அன்றைக்கு அந்த வரிசை முழுக்கச் சிரித்தது. இவரும்தான்.

அதன்பிறகு ஒவ்வொரு ஆகஸ்டும் அதே கிழமை, அதே வரிசை, அதே ஆட்கள். பிள்ளைகள் ஒன்றாக வளர்ந்தார்கள். கருவாட்டு மணத்துக்கு யாராவது முகம் சுளித்தார்களா என்று கேட்பீர்கள். சுளித்தார்கள். மூன்றாம் வருடம் பழகிவிட்டார்கள்.

சரி, இந்த முகாம்கள் எங்கிருந்து வந்தன என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். இது என் பைத்தியம், பொறுத்துக்கொள்ளுங்கள். பில்லி பட்லின் என்று ஒரு மனிதர். 1899-இல் தென்னாபிரிக்காவின் கேப்டவுனில் பிறந்து, கனடாவில் வளர்ந்து, இங்கிலாந்துக்கு வந்து திருவிழாக்களில் வளையம் எறிகிற விளையாட்டுக் கடை போட்டவர். வேல்ஸில் பாரி தீவுக்கு ஒருமுறை போயிருக்கிறார். அந்தக் காலத்து விடுதி வீடுகளில் ஒரு சட்டம்: காலைச் சாப்பாடு முடிந்ததும் வெளியே போய்விட வேண்டும், பொழுது படும்வரை உள்ளே வரக்கூடாது. மழை பெய்தாலும் அப்படித்தான். காசு கட்டி வந்த குடும்பங்கள் நனைந்துகொண்டு தெருவில் நிற்பதை அவர் பார்த்தார். மழையிலும் இருக்க ஓர் இடம், மூன்று நேரச் சாப்பாடு, பாட்டுக் கூத்து எல்லாம் ஒரே விலைக்குள் கொடுத்தால் என்ன என்று யோசித்தார். 1936-இல் ஈஸ்டர் சமயம் கிழக்குக் கரையில் ஸ்கெக்னெஸ் என்ற இடத்தில் முதல் முகாமைத் திறந்தார். பருவத்தைப் பொறுத்து ஒரு கிழமைக்கு 35 ஷில்லிங்கில் இருந்து 3 பவுண் வரை. ஒரு கிழமைச் சம்பளத்துக்கு ஒரு கிழமை விடுமுறை என்பதுதான் அவருடைய விளம்பரமே. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பி வருவேன்.

திறந்த பிறகு ஒரு வேடிக்கை. வந்தவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசவில்லை! எல்லாம் இருக்கிறது, ஆனால் அவரவர் மேசையில் உம்மென்று இருக்கிறார்கள். பட்லினுக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. நோர்மன் பிராட்போர்ட் என்ற வேலையாளைக் கூப்பிட்டு, இவர்களை எப்படியாவது கலகலப்பாக்கு என்றார். பிராட்போர்ட் சாப்பாட்டு மண்டபத்தில் மைக்கைப் பிடித்துப் பகிடி விட்டார், பக்கத்தில் இருப்பவருக்குக் கை கொடுங்கள் என்றார். மெல்ல மெல்லச் சனம் சிரித்தது. அந்த வேலைக்கு இனிமேல் ஆட்கள் வேண்டும், அவர்கள் தனியாகத் தெரிய வேண்டும் என்று சிவப்புக் கோட்டு வாங்கிக் கொடுத்தார்கள். இன்றைக்கும் பட்லின்ஸில் உள்ள அந்தச் சிவப்புக் கோட்டுக்காரர்கள் அப்படித்தான் வந்தார்கள்.

போர்க்காலத்தில் அந்த ஸ்கெக்னெஸ் முகாமைக் கடற்படை எடுத்து, தன் வழக்கப்படி ‘ராயல் ஆர்தர்’ என்று கப்பல் பெயர் வைத்தது. அந்தக் கப்பலை மூழ்கடித்துவிட்டோம் என்று ஜெர்மன் வானொலி அறிவித்ததாக ஒரு கதை உண்டு. வானொலியில் சொல்வதை எல்லாம் நம்பக்கூடாது, என்னையும் சேர்த்துத்தான்.

போருக்குப் பிறகு இந்த முகாம்கள் நிரம்பி வழிந்தன. வடக்கே பைலி முகாமுக்கென்று 1947-இல் தனி ரெயில் நிலையமே கட்டினார்கள். அப்புறம் ஸ்பெயினுக்கு மலிவு விமானம் வந்தது. அந்த ரெயில் நிலையம் 1977-இல் மூடப்பட்டது. 1983-இல் பைலி முகாமும் கிளாக்டன் முகாமும் மூடப்பட்டன. பைலி இருந்த இடத்தில் இப்போது அழகான விடுமுறை வீடுகள். கிளாக்டனில் சாதாரணக் குடியிருப்பு. எஞ்சிய ஸ்கெக்னெஸ், மைன்ஹெட், பொக்னர் மூன்றிலும் 1990-களின் கடைசியில் பெரிய காசு போட்டு, நடுவில் வெள்ளைக் கூடாரம் மாதிரி ஒரு மண்டபம் எழுப்பினார்கள். பொக்னரில் ஷலேக்கள் போய், 2005-இல் இருந்து 2012-க்குள் மூன்று ஹொட்டேல்கள் வந்தன. ஸ்கெக்னெஸில் 1936-ஆம் ஆண்டு ஷலே ஒன்றே ஒன்றைப் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக வைத்திருக்கிறார்கள். ஒன்று மட்டும்! பக்கத்து வீடு இல்லாத ஷலே என்ன ஷலே? யார் சுவரில் தட்டுவார்கள்?

இனி எங்கள் முகாமுக்கு வருகிறேன். போன ஆகஸ்ட் மகனும் மருமகளும் எங்களை அங்கே கூட்டிப் போனார்கள். வரிசை இருந்த இடத்தில் மரத்தால் ஆன தனித்தனி வீடுகள். வாசலில் சுடுதண்ணீர்த் தொட்டி. கதவுக்குச் சாவி இல்லை, அட்டைதான். குளியலறை ஈரம் நாறவில்லை. சுவரில் பூஞ்சணம் இல்லை. தூங்கும்போது மூக்கில் ஐஸ் கட்டவில்லை. நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். மருமகள் பார்த்துவிட்டு, “மாமி, அந்தப் பழைய ஷலேயில் மாமாவை எப்படி மேலே ஏற்றியிருப்பீர்கள்?” என்று கேட்டாள்.

கேள்வி சரி. இவருக்கு முழங்கால் சத்திர சிகிச்சைக்குப் பிறகு நாங்கள் அங்கே போகாமல் விட்டதற்குக் காரணமே அந்தக் கொங்கிறீற் படிகள்தான். கடைசி வருடங்களில் மேல்மாடி ஷலேதான் கிடைத்தது. ஐந்து வருடம் இவர் கடலைப் பார்க்கவில்லை. இப்போது படியே இல்லை. கதவில் இருந்து கடற்கரை வரைக்கும் சரிவுப் பாதை. இவர் தன்னுடைய நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு, யாருடைய கையையும் பிடிக்காமல், மணல் தொடங்குகிற இடம்வரை தானே போனார். அரை மணித்தியாலம் பேசாமல் நின்றார். அதைப் பார்த்த பிறகு இடித்தது பிழை என்று எப்படிச் சொல்வேன்? காலையில் சொல்கிற பதில் அதுதான்.

இரவில் வேறு. அன்றிரவு வெளியில் வந்து பார்த்தேன். ஒவ்வொரு வீட்டிலும் வெளிச்சம். ஒரு சத்தம் இல்லை. இரண்டாம் நாளும் பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று தெரியவில்லை. துணிக் கயிறு இல்லை, உலர்த்தும் மெஷின் உள்ளேயே இருக்கிறது. கனகாலமாக நான் எல்லோருக்கும் சொல்லி வந்தது, சுவர் தடித்ததால்தான் சனம் பேசுவதில்லை என்று. இந்த உரையையும் அப்படித்தான் எழுதத் தொடங்கினேன். எழுதும்போதுதான் பட்லினின் முதல் கிழமை நினைவுக்கு வந்தது. மெல்லிய சுவர் அங்கேயும் இருந்தது, ஆனாலும் அவர்கள் பேசவில்லையே!

அப்போதுதான் கணக்குப் பார்த்தேன். நாங்கள் போனது வெள்ளியில் இருந்து திங்கள் வரை, மூன்று இரவு. மகனும் மருமகளும் இரண்டு பேரும் உழைக்கிறார்கள். அவர்களுக்கே மூன்று இரவுக்கு மேல் கட்டுப்படியாகவில்லை. மூன்று இரவில் யாரோடு பழகுவது? முதல் நாள் சாமான் இறக்குவோம், கடைசி நாள் ஏற்றுவோம். சாரத்தைத் தலையணை உறை என்று நினைப்பதற்கும் ஒரு கிழமை வேண்டும். அடுத்த வருடம் அதே கிழமை அதே ஆட்கள் வருவதற்கு, அந்தக் கிழமையை அதே சம்பளத்தில் வாங்க முடிய வேண்டும். பட்லினின் அந்த விளம்பரம் சொன்னது அதைத்தான், நினைவில் வைக்கச் சொன்னேன் அல்லவா? சரிவுப் பாதையையும் வைத்துக்கொண்டு அந்தக் கிழமையையும் கொடுத்திருக்கலாம். கொடுத்தால் இலாபம் வருமா என்று மகன் கேட்கிறான். அவன் கணக்காளன், அப்படித்தான் கேட்பான்.

ஒன்றில் மட்டும் எனக்கு இரண்டு மனம் இல்லை. தென்கரையில் இருக்கிற கேம்பர் மணற்கரை நம் எல்லோருக்கும் தெரியும். அங்கே இருந்த பொன்டின்ஸ் முகாம் 2023-இன் கடைசியில் மூடப்பட்டது. ஆனால் நம்மவர்களுக்குக் கேம்பர் என்றால் 2016 ஆகஸ்ட்தான். லண்டனில் இருந்து போன நம் பிள்ளைகள் ஐந்து பேர் ஒரே நாளில் அங்கே கடலில் மூழ்கி இறந்துபோனார்கள். அன்றைக்கு அந்தக் கரையில் உயிர்காப்பாளர் இருக்கவில்லை. அதற்குப் பிறகுதான் போட்டார்கள். எந்தக் கடற்கரையில் எதைக் கட்டினாலும் இடித்தாலும், முதலில் உயிர்காப்பாளரின் கதிரையைப் போடட்டும். பிள்ளைகளோடு போகிறவர்கள், கொடி எந்த நிறம் என்று பார்த்துவிட்டு இறங்குங்கள். சிவப்பும் மஞ்சளுமான இரண்டு கொடிகளுக்கு நடுவில்தான் குளிக்க வேண்டும். சிவப்புக் கொடி என்றால் இறங்கவே கூடாது. மஞ்சள் கலந்திருக்கிறதா என்று நன்றாகப் பாருங்கள்.

ஐயோ, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி இரண்டு விரல் காட்டுகிறார். இரண்டு நிமிடம். கரவன், அதாவது வண்டி வீடு, வைத்திருப்பவர்களைப் பற்றித்தான் இன்றைக்கு முக்கியமாகப் பேச வந்தேன், அது கடைசியில் மாட்டிக்கொண்டது. சுருக்கமாகச் சொல்கிறேன். நம்மவர்கள் பலர் இப்போது சேமிப்பைப் போட்டுக் கடலோரப் பூங்காக்களில் கரவன் வாங்குகிறார்கள். கரவன்தான் உங்களுடையது, அது நிற்கிற நிலம் உங்களுடையது அல்ல. நிலத்துக்கு வருடா வருடம் வாடகை. பல இடங்களில் இத்தனை வருடம் பழசானால் கரவனை எடுத்துவிட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கும். பூங்காவைப் புதுப்பிக்கும்போது அந்த வரிதான் முன்னுக்கு வரும். கையெழுத்துப் போட முன்னம் முழுவதையும் வாசியுங்கள். வருடம் முழுக்க அங்கே குடியிருக்கவும் பெரும்பாலும் விட மாட்டார்கள்... ஒரு விரல் காட்டுகிறார்.

கொவென்ட்ரிக் கிழவர் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். 2008-இல் காலமானார். அந்தத் தகரத்தை அவருடைய மனைவி எங்களுக்குத் தபாலில் அனுப்பினார். உள்ளே ஏழு குற்றி இருந்தது. போன ஆகஸ்ட் அதையும் பையில் போட்டுக்கொண்டுதான் போனேன். அந்த வீட்டில் மீட்டர் இல்லை. வணக்கம்.