கேக் விற்ற காசில் ஓடிய கார்கள்

வணக்கம். 2020-இல் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவரைப் போலீஸ்காரர் கொன்றதைக் கண்டித்து அமெரிக்கா முழுக்கத் தெருவுக்கு வந்த கூட்டத்தை டிவியில் பார்த்திருப்பீர்கள். அந்தச் சூட்டில், கொலை நடந்த மினியாபொலிஸ் நகர மன்றத்தில் பெரும்பாலோர் மேடையேறி, போலீஸ் துறையையே கலைத்துவிடுகிறோம் என்றார்கள். 2021 நவம்பரில் அந்த இடத்தில் வேறொரு துறை வைக்கலாமா என்று வாக்கெடுப்பு நடந்தது. மக்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள். ஆவேசம் மட்டும் போதாது, நாள் தவறாமல் வேலை செய்யவும் ஆள் வேண்டும். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அலபாமா மாநிலத்து மாண்ட்கமரி நகரத்துச் சமையல்காரம்மா ஒருவர் ஞாபகம் வரும்.

1955 டிசம்பர் 1. பஸ்ஸில் வெள்ளைக்காரருக்கு எழுந்து இடம்விட மறுத்த கறுப்பினப் பெண் ரோசா பார்க்ஸைக் கைது செய்கிறார்கள். சரி, இது தெரிந்த கதை. அன்று ராத்திரியே ஜோ ஆன் ராபின்சன் என்ற கல்லூரி ஆசிரியை, தன் கல்லூரி சைக்ளோஸ்டைல் மெஷினிலேயே விடிய விடிய நோட்டீஸ் ஓட்டினார்: திங்கட்கிழமை பஸ் ஏறாதீர்கள்! ஒரு நாளுக்கென்று கூப்பிட்டது 381 நாள் நீண்டது. அத்தனை நாளும் ஊரின் மறுகோடியில் வீட்டு வேலை செய்யும் பெண்கள் நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டாமா? சுமார் 300 கார்களைத் திரட்டி, ஏறும் இடம் இறங்கும் இடமெல்லாம் குறித்து ஓட்டினார்கள். அப்புறம், பெட்ரோலுக்குக் காசு?

இங்கேதான் ஜார்ஜியா கில்மோர் வருகிறார். தெரிந்த பெண்களைச் சேர்த்து, கோழிக்கறி சாண்ட்விச், கேக் எல்லாம் செய்து விற்று, வந்த பணத்தைப் போராட்டக் கூட்டத்தில் கொண்டுவந்து கொடுப்பார். எங்கிருந்து வந்த பணம் என்று கேட்டால், எங்கிருந்தும் வரவில்லை என்பார். அந்தக் குழுவுக்கே ஊர்பேரில்லாத சங்கம் என்கிற மாதிரி பெயர். விளையாட்டுக்கு வைத்த பெயரில்லை, சமைத்துக் கொடுத்தது யாரென்று தெரிந்தால் வெள்ளைக்கார முதலாளி அன்றைக்கே சீட்டைக் கிழித்துவிடுவார். கில்மோருக்கு அதுதான் நடந்தது. 1956-இல் கோர்ட்டில் சாட்சி சொன்னார், வேலை போயிற்று, வீட்டிலேயே அடுப்பு மூட்டிச் சமைத்து விற்க ஆரம்பித்துவிட்டார்.

இன்னொரு பக்கம், பஸ்ஸில் அவமானப்பட்ட நான்கு பெண்கள் போட்ட வழக்கு மேலே மேலே போனது. 1956 நவம்பர் 13 அன்று, இந்தக் கார்களுக்குத் தடை கேட்டு நகராட்சி போட்ட மனுவை மாண்ட்கமரி கோர்ட்டில் விசாரித்துக்கொண்டிருக்கும்போதே, பஸ்ஸில் இனம் பிரித்து உட்காரவைப்பது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்ன சேதி வந்து சேர்ந்தது. கூத்தைப் பாருங்கள், உள்ளூர் நீதிபதி அதே நாளில் கார்களுக்குத் தடையும் போட்டார். உச்ச நீதிமன்ற உத்தரவு ஊருக்கு வந்து சேர டிசம்பர் 20 ஆயிற்று. ஜெயித்த பிறகும் ஒரு மாதத்துக்கு மேல் ஜனங்கள் பஸ் ஏறாமலேதான் வேலைக்குப் போனார்கள்.