வாரண்டு போட்டால் போர் நிற்குமா?

நடுவர் அவர்களே, மஞ்சக்குப்பத்துப் பெரியோர்களே, வணக்கம். போர் நடக்கும்போதே எதிரி நாட்டுத் தலைவர் மீது குற்றவழக்குப் போடுவது பலிக்கிற உத்தியா, வீண் வம்பா என்பது தலைப்பு. வம்பு என்பது எங்கள் அணி.

எதிரணி அம்மா, கொசோவோ போரின்போது யூகோஸ்லாவியா அதிபராக இருந்த மிலோசெவிச்சைக் கொண்டுவந்தார். 1999 மே 27-ல் குற்றச்சாட்டு அறிவிப்பு, ஜூன் 3-ல் சமாதான நிபந்தனைக்குப் பணிந்தார், ஏழே நாள் என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். மார்ச் 24-லிருந்து மேற்கு நாடுகளின் ராணுவக் கூட்டணியான நேட்டோ போட்டுக்கொண்டிருந்த குண்டை மட்டும் விட்டுவிட்டாரே! சமாதானம் பேச அவர் தலைநகர் பெல்கிரேடுக்குப் போன தூதர்கள் அஹ்திசாரியும் செர்னோமிர்தினும் கையில் விலங்கோடா போனார்கள்? குற்றம் சாட்டப்பட்டவரோடுதான் உட்கார்ந்து பேசினார்கள். அதற்குப் பிறகும் ஓராண்டுக்கு மேல் அவரே அதிபர். தேர்தலில் தோற்ற பிறகு, 2001-ல் அவருடைய நாட்டு அரசே யூகோஸ்லாவியப் போர்க்குற்ற நீதிமன்றம் இருந்த ஹேக் நகருக்கு அனுப்பி வைத்தது. தீர்ப்பு வருமுன் 2006-ல் சிறையிலேயே இறந்தார்.

உத்தி என்றால் நீட்டவும் தெரியணும், மடக்கவும் தெரியணும். சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தின் பிடிவாரண்டை மடக்க முடியுமா? வழக்குரைஞர் மனுப் போடுகிறார். குற்றம் செய்தார் என்று நம்ப நியாயமான காரணம் உண்டா என்று மட்டும் பார்த்து நீதிபதிகள் வாரண்டு தருகிறார்கள். பிடிக்கச் சொந்தப் போலீஸ் கிடையாது. உறுப்பு நாடுகள்தான் பிடித்துத் தர வேண்டும். நம்ம ஊர் ஸ்டேஷனில் ராஜியாகிப் புகாரை வாபஸ் வாங்குவதுபோல் அங்கே முடியாது. நாளைக்கே உக்ரைன் சமாதானமானாலும், 2023 மார்ச் 17-ல் புடினுக்குப் போட்ட வாரண்டு உக்ரைன் கையில் இல்லை. அந்த நீதிமன்றச் சட்டத்தின் 16-ஆம் பிரிவுப்படி ஐ.நா. பாதுகாப்பு சபை பன்னிரண்டு மாதம் தள்ளிவைக்கச் சொல்லலாம். அதற்கும் நிரந்தர உறுப்பினர் ஐவரில் ஒருவர்கூட மறுக்கக் கூடாது. நடக்கிற காரியமா?

அக்ராவில் நடந்ததைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். 2003 ஜூன் 4. லைபீரியப் போரை நிறுத்தக் கானா தலைநகரில் பேச்சுவார்த்தை தொடங்குகிற நாள். அதிபர் சார்லஸ் டெய்லர் வந்து இறங்கிவிட்டார். பக்கத்து நாடான சியரா லியோன் போரில் கலகக்காரர்களுக்கு உதவினார் என்று, மார்ச்சிலேயே ஒப்புதல் வாங்கி ரகசியமாக வைத்திருந்த குற்றப்பத்திரிகையை, சியரா லியோன் சிறப்பு நீதிமன்ற வழக்குரைஞர் அன்றைக்குப் பார்த்துத் திறந்தார். பந்தியில் உட்கார்ந்தவனை எழுப்பி விலங்கு மாட்டச் சொன்னால் வீட்டுக்காரன் என்ன செய்வான்? கானா அவரை விமானம் ஏற்றி ஊருக்கே அனுப்பிவிட்டது. ஆளும் சிக்கவில்லை, பேச வந்தவரும் போய்விட்டார். ஜூனிலும் ஜூலையிலும் மன்ரோவியாவில் குண்டு விழுந்துகொண்டுதான் இருந்தது. ஆகஸ்ட் 11-ல் அவர் பதவி விலகினார் என்றால், நைஜீரியா அடைக்கலம் தந்ததால்.

2012-ல் 50 ஆண்டு சிறை விழுந்ததே என்பார் அடுத்துப் பேசப் போகும் ஐயா. விழுந்தது, சரியான தண்டனைதான். ஆனால் அவரைப் பிடித்தது 2006-ல், போர் ஓய்ந்து, நைஜீரியாவும் கைவிட்ட பிறகு. அதைப் பார்த்த மற்ற தலைவர்கள் என்ன கற்றிருப்பார்கள்? உயிரே போனாலும் நாற்காலியை விடாதே!

லாலியை இந்த ஊருக்குத் தெரியும். 1758-ல் நம்ம தேவனாம்பட்டினத்துக் கோட்டையைப் பிடித்த பிரெஞ்சுத் தளபதி. 1761-ல் புதுச்சேரியை இழந்து இங்கிலாந்தில் கைதியானார். பழியைத் துடைக்கத் தானாகவே பாரிஸ் போனார். 1766-ல் தலை போனது. அது சொந்த நாட்டு வழக்கு, தெரியும், எதிரணி முறைக்க வேண்டாம். ஆனால் கோர்ட்டை நம்பிப் போனவரின் கதியைத் தலைவர்கள் மறப்பார்களா?

இதோ முடித்துவிடுகிறேன் நடுவர் அவர்களே. 2009 மார்ச் 4-ல் சூடான் அதிபர் பஷீருக்குச் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தின் வாரண்டு. அந்த நீதிமன்றம் இருக்கும் ஹேக் நகருக்கு அவர் போகவில்லை. 13 வெளிநாட்டு உதவி அமைப்புகளை நாட்டைவிட்டு வெளியேற்றினார். போர் நடந்த டார்ஃபூர் பகுதியின் அகதி முகாம்களில் இருந்தவர்களுக்குச் சோறும் தண்ணீரும் மருந்தும் கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் அவர்கள்.