சிவப்புப் பட்டை

நேயர்களுக்கு வணக்கம். கணினியில் 'திஸ் பிசி'யைத் திறந்தால் சி டிரைவ், டி டிரைவ் என்று பட்டைகள் தெரியும், பார்த்திருப்பீர்கள். காலி இடம் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போனால் அந்தப் பட்டை சிவப்பாகிவிடும். காட்பாடியில் ஜெராக்ஸ் கடை, ஆற்காட்டில் போட்டோ ஸ்டுடியோ, எங்கே போனாலும் சி மட்டும் சிவந்து கிடக்கும். டி பாதிக்கு மேல் காலியாக இருக்கும். உடனே பக்கத்தில் ஒருவர், "ஃபார்மேட் பண்ணிடலாம் சார்" என்பார், அதாவது டிரைவில் உள்ளதை எல்லாம் அழித்துவிடுவது. வேண்டாம் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன். நீங்கள் சேர்த்து வைத்ததில் கை வைக்கும் முன், கணினி தானாகப் போட்டு வைத்ததை எடுங்கள். முக்கால்வாசி நேரம் அதுவே போதும்.

குடியாத்தத்தில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற கடை ஒன்று. ஆவணி முகூர்த்த நேரம், வேலை தலைக்கு மேல். போட்டோஷாப்பில் எதைச் செய்தாலும் 'ஸ்க்ராட்ச் டிஸ்க் ஃபுல்' என்று நிற்கிறது. ஸ்க்ராட்ச் டிஸ்க் என்றால் போட்டோஷாப் வேலை செய்யும்போது தற்காலிகமாக எடுத்துக்கொள்ளும் டிஸ்க் இடம். கடைக்காரர் காலையிலிருந்து டெஸ்க்டாப்பில் சிதறிக் கிடந்த டிசைன்களை எல்லாம் பொறுக்கி ஒரே ஃபோல்டரில் போட்டு, அந்த ஃபோல்டரையும் டெஸ்க்டாப்பிலேயே வைத்திருந்தார். இடம் ஒரு துளி கூடவில்லை. எப்படிக் கூடும்? டெஸ்க்டாப் என்பதே சி டிரைவுக்குள் இருக்கிற ஒரு ஃபோல்டர்தான். இன்னொரு முறை சொல்கிறேன்: டெஸ்க்டாப்பில் வைப்பது எல்லாம் சி-யில்தான் போய்ச் சேர்கிறது. டவுன்லோட்ஸும் டாக்குமென்ட்ஸும் அப்படியே.

கடைப் பையன், "அண்ணே, பழைய கோரல் ஃபைலை எல்லாம் தூக்கிடட்டுமா?" என்றான். கோரல் என்பது பத்திரிகை டிசைன் செய்கிற மென்பொருள். கடைக்காரர் விடவில்லை. "அக்கா கல்யாணத்துக்கு அடிச்சவங்க, நாலு வருஷம் கழிச்சு தங்கச்சிக்கும் அதே டிசைன்தான் கேப்பாங்க" என்றார். நியாயம்தானே? அவர் பிழைப்பே அந்த ஃபைல்களில் இருக்கிறது.

செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் ஸ்டோரேஜ். எது எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று அங்கே வரிசையாக வரும். அந்தக் கடைக் கணினியில் பார்த்தால் தற்காலிக ஃபைல்கள்தான் மலை போல. கரண்ட் போய் போட்டோஷாப் பாதியில் நின்றபோதெல்லாம் அது விட்டுப்போன ஃபைல்கள் டெம்ப் ஃபோல்டரில் அப்படியே தங்கியிருந்தன. ஒவ்வொன்றும் ஜிபி கணக்கில். போட்டோஷாப்பை மூடிவிட்டு அவற்றை அழித்தோம். பிறகு அதன் பிரிஃபரன்சஸில் ஸ்க்ராட்ச் டிஸ்க்கை டி-க்கு மாற்றினோம். கோரலும் சேமிக்கும்போது 'பேக்கப் ஆஃப்' என்று பெயர் தொடங்கும் நகல் ஒன்றை அதே இடத்தில் போடும். மூல ஃபைல் ஒழுங்காகத் திறக்கிறதா என்று பார்த்து, பழைய வேலைகளின் நகல்களை மட்டும் நீக்கினோம். டிசைன்கள் ஒன்றுகூடப் போகவில்லை. எல்லாம் டி-க்குப் போயின, வெளி ஹார்டு டிஸ்க்கில் ஒரு காப்பியும் எடுத்தோம். டி-யில் மட்டும் இருந்தால் போதாது. பல கணினிகளில் சி-யும் டி-யும் ஒரே டிஸ்க்கின் இரண்டு பாகங்கள். டிஸ்க் பழுதானால் இரண்டும் சேர்ந்தே போகும்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்ததால் பலர் 11-க்கு மாறியிருப்பீர்கள். மாறியதும் பழைய விண்டோஸ் முழுவதும் 'விண்டோஸ்.ஓல்டு' என்ற ஃபோல்டரில் நிற்கும். பொதுவாக 10 நாளில் தானே போய்விடும். அவசரமென்றால் ஸ்டோரேஜில் தற்காலிக ஃபைல்கள் பட்டியலிலேயே அதை நீக்கலாம். நீக்கினால் பழைய பதிப்புக்குத் திரும்ப வழி இல்லை.

அந்தப் பட்டியலில் 'டவுன்லோட்ஸ்' என்றும் ஒரு வரி வரும். தயவுசெய்து அதில் டிக் போடாதீர்கள். சாதிச் சான்றிதழ், மார்க் ஷீட், வங்கி ஸ்டேட்மென்ட் எல்லாம் பல வீடுகளில் அங்கேதான் இருக்கின்றன. அதைக் கையால் திறந்து, ஒவ்வொன்றாகப் பார்த்து அழியுங்கள். ஒரே பிடிஎஃப் ஒன்று, இரண்டு, மூன்று என்று அடைப்புக்குறி எண்ணோடு நிற்கும்; அவை போனால் போகட்டும். அழித்ததும் ரீசைக்கிள் பின்னையும் ஒருமுறை பார்த்துவிட்டுக் காலி செய்யுங்கள், அதுவரை இடம் திரும்பாது.

நேரம் நெருங்குகிறது, இரண்டே விஷயம் வேகமாக. டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸில் லொகேஷன் பகுதிக்குப் போனால் அதை டி-க்கே நிரந்தரமாக மாற்றிவிடலாம். விண்டோஸ் ஃபோல்டருக்குள் 'வின்எஸ்எக்ஸ்எஸ்' என்று பெரிதாக ஒன்று தெரியும். அதை மட்டும் கையால் அழிக்காதீர்கள், விண்டோஸுக்கு அது வேண்டும். ஹைபர்னேட் ஃபைல் பற்றியும் சொல்ல நினைத்திருந்தேன், இன்றைக்கு நேரமில்லை. நன்றி.