கியர் பொக்ஸ் ஓரத்தில் ஒயில் கசிகிறது: அந்த மஸ்டாவை வாங்கலாமா?

வணக்கம். இன்று ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில், ஏனென்றால் விஷயம் கொஞ்சம் நீளமானது. ஹட்டனிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். நுவரெலியாவில் ஒருவர் 1991ஆம் ஆண்டு மஸ்டா எம்எக்ஸ்-5 ஒன்றை விற்கிறார். இரண்டு பேர் மட்டும் உட்காரும் கார், கூரையை மடிக்கலாம், முன்விளக்குகள் மேலெழும்பி நிற்கும். ஜப்பானில் 'யூனோஸ் ரோட்ஸ்டர்' என்ற பெயரில் விற்றதும் இதுதான். எஞ்சினும் கியர் பொக்ஸும் சேரும் இடத்தில் அடியில் ஒயில் ஈரமாக இருக்கிறதாம். உரிமையாளர், "பழைய வண்டி என்றால் கொஞ்சம் கசியத்தான் செய்யும்" என்கிறார். தம்பி கூட்டிப்போன மெக்கானிக், "பின் சீல் (எஞ்சினின் பின்பக்கத்தில் சுழலும் தண்டைச் சுற்றியுள்ள ஒயில் தடுப்பு வளையம்) போய்விட்டது, கியர் பொக்ஸை இறக்க வேண்டும், இதை விட்டுவிடு" என்கிறார். யாரை நம்புவது?

தம்பி, இப்போதைக்கு இருவரையும் நம்ப வேண்டாம். ஒயில் எங்கே சொட்டுகிறது என்பதை இருவரும் பார்த்திருக்கிறார்கள். எங்கிருந்து கிளம்புகிறது என்பதை யாரும் பார்க்கவில்லை. ஒயில் மேலே கசிந்து கீழே வழியும். கார் ஓடும்போது காற்று அதைப் பின்னால் தள்ளும். அதனால் ஈரம் இருக்கிற இடங்களில் மிக உயரமானதும் மிக முன்னால் இருப்பதும் எது என்று தேட வேண்டும். கசிவின் பிறப்பிடம் அங்கேதான் இருக்கும்.

இந்தக் காரில் அந்தத் தேடல் ரொம்ப முக்கியம். 1989 முதல் 1997 வரை வந்த முதல் தலைமுறை எம்எக்ஸ்-5இல் காம் ஆங்கிள் சென்சர் என்று, எஞ்சின் தண்டு சுழலும் நிலையைக் காட்டும் கருவி ஒன்று இருக்கிறது. எஞ்சின் தலையின் பின்புறத்தில், உள்ளறைத் தகரச் சுவரை ஒட்டினாற்போல் செருகியிருப்பார்கள். அதைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம். இத்தனை வருடச் சூட்டில் அந்த ரப்பர் கல்லாக இறுகிவிடும். அப்போது ஒயில் மெதுவாகக் கசிந்து, எஞ்சினின் முதுகு வழியே இறங்கி, கியர் பொக்ஸ் சேரும் விளிம்பில் வந்து தொங்கும். கீழே படுத்துப் பார்க்கிறவருக்கு அது பின் சீல் கசிவு மாதிரியேதான் தெரியும். உங்கள் மெக்கானிக்கைக் குறை சொல்லவில்லை; இந்த மொடலோடு பழகாதவர்கள் பலரும் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் ஒன்று சின்ன ரப்பர் வளையம், மற்றது கியர் பொக்ஸை இறக்குகிற வேலை. விலை பேசும்போது இந்த வித்தியாசம் தெரியாமல் போகக்கூடாது.

எப்படிப் பார்ப்பது? பொனட்டைத் திறந்து, எஞ்சினுக்கும் சுவருக்கும் இடையே உள்ள இடுக்கில் டோர்ச் அடியுங்கள். கண் எட்டாது, கைத்தொலைபேசியை உள்ளே நீட்டி ஒரு படம் எடுங்கள். எஞ்சின் ஆறிய பிறகு சென்சரின் அடிப்பக்கத்தில் விரலை வைத்துத் தடவுங்கள். விரலில் ஒயில் ஒட்டினால் பாதிப் பதில் கிடைத்துவிட்டது. அதற்கும் மேலே ஒரு தடவை பாருங்கள். டெப்பட் கவர் (எஞ்சினின் மேல்மூடி) பேக்கிங் பின்மூலைகளில் விட்டுப்போனாலும் ஒயில் இதே பாதையில்தான் இறங்கும். மேலே எல்லாம் உலர்ந்து கிடக்க, அடி விளிம்பு மட்டும் நனைந்திருந்தால்தான் பின் சீல் மீது சந்தேகப்பட வேண்டும். அப்போதும் சம்ப் (எஞ்சினின் அடியில் ஒயில் நிற்கும் தொட்டி) பேக்கிங்கின் பின்பகுதியை மறக்க வேண்டாம்.

ஈரம் எல்லாமே எஞ்சின் ஒயில் என்றும் நினைக்க வேண்டாம். ஒரு வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். பழுப்பு அல்லது கறுப்பு என்றால் எஞ்சின் ஒயில். தடிப்பாக, கந்தக வாடை அடித்தால் கியர் ஒயில். தண்ணீர் மாதிரி மெல்லியதாக, வெளிர் மஞ்சளாக இருந்தால் கிளச் திரவம். கியர் பொக்ஸின் பக்கவாட்டில் இருக்கிற கிளச் சிலிண்டர் கசிவது இந்தக் காரில் சாதாரணம். பொனட்டுக்குள் இருக்கும் கிளச் திரவக் கிண்ணத்தில் மட்டம் குறைந்திருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

இன்னொரு ஏமாற்றுத் தோற்றமும் உண்டு. இந்த எஞ்சினில் ஒயில் ஃபில்டர் காற்று உள்ளே போகும் குழாய்களுக்கு அடியில், கை நுழையாத இடத்தில் இருக்கிறது. சேர்விஸ் செய்கிறவர் அதைக் கழற்றும்போது ஒயில் பக்கமெல்லாம் வழியும். துடைக்காமல் விட்டால் மாதக்கணக்கில் கசிவு போலவே தெரியும். கடைசியாக எப்போது ஒயில் மாற்றினீர்கள் என்று உரிமையாளரிடம் கேளுங்கள்.

எஞ்சின் பளபளவென்று கழுவித் துடைத்து நிற்கிறதா? எனக்கு அப்படிப்பட்ட எஞ்சினைப் பார்த்தால்தான் பயம். பல வருடங்களாகக் கசிந்த இடத்தில் மண்ணும் தூசியும் ஒயிலோடு சேர்ந்து தடித்த படையாகப் பிடித்திருக்கும். நம் தோட்டப் பாதைகளில் ஓடிய வண்டி என்றால் அந்தப் படை செம்மண் நிறத்தில் இருக்கும். அது நேர்மையான அழுக்கு. எங்கே, எவ்வளவு காலமாக என்று சொல்லும். விற்பதற்கு முதல் நாள் சேர்விஸ் ஸ்டேசனில் கழுவினால் அந்தச் சாட்சி போய்விடும். ஆனாலும் தண்ணீர் பாயாத மூலைகள் இருக்கும்: கியர் பொக்ஸின் மேல்விளிம்பு, முன் சஸ்பென்ஷனைத் தாங்கும் இரும்புச் சட்டத்தின் மேற்பரப்பு. அங்கே விரலை விடுங்கள். எஞ்சினின் அடியில் பிளாஸ்டிக் தட்டு இருந்தால் அதைக் கழற்றச் சொல்லுங்கள். சொட்டுகள் எல்லாம் அதற்குள் சேர்ந்திருக்கும். பேக்கிங் விளிம்புகளில் சிலிக்கன் பசை பிதுங்கி நிற்கிறதா என்றும் பாருங்கள். வெளியே பிதுங்கிய அளவு உள்ளேயும் பிதுங்கியிருக்கும். அது உடைந்து சம்பில் விழுந்தால் ஒயில் உறிஞ்சும் வலையை அடைத்துவிடும்.

இப்போது மலைநாட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

முதலில், டிப்ஸ்டிக், அதாவது ஒயில் மட்டம் பார்க்கும் கம்பி. நம் வீடுகளில் பாதி சரிவில்தான் கட்டியிருக்கின்றன. சரிவில் நிறுத்திய காரில் ஒயில் மட்டம் பார்ப்பதில் அர்த்தம் இல்லை. கிரகரி வாவி ஓரம் மாதிரிச் சமதளத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

இரண்டாவது, ஒயில் மூடிக்குள் வெண்ணெய் மாதிரி வெளிறிய படிவு. தரைநாட்டு மெக்கானிக் அதைப் பார்த்தவுடன் ஹெட் கேஸ்கட் (எஞ்சின் தலைக்கு அடியில் உள்ள பேக்கிங்) போய்விட்டது, ஒயிலில் தண்ணீர் கலக்கிறது என்று சொல்லிவிடுவார். நுவரெலியாவின் உயரம் ஏறக்குறைய 1,870 மீட்டர். அந்தக் குளிரில் கடைக்கும் வீட்டுக்குமாகக் குறுந்தூரம் மட்டும் ஓடுகிற காரில் எஞ்சின் முழுதாகச் சூடேறாது. உள்ளே சேரும் ஈரப்பதம் மூடியில் படியும். டிப்ஸ்டிக்கில் உள்ள ஒயில் தெளிவாக இருந்து, ரேடியேட்டர் தண்ணீரிலும் ஒயில் மிதக்காவிட்டால் பதற வேண்டாம். டிப்ஸ்டிக்கிலும் பால் நிறம் என்றால் அங்கேயே கும்பிடு போட்டுவிட்டு வாருங்கள்.

மூன்றாவதுதான் உண்மையான பரீட்சை. காலையிலேயே போங்கள். பொனட்டில் கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்கு முன்பே யாரோ ஸ்டார்ட் செய்திருக்கிறார். குளிர்ந்த எஞ்சினை நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். மேலிருந்து டிக் டிக் என்று ஒரு சத்தம் கேட்டு, சிறிது நேரத்தில் அடங்கினால் அது இந்த எஞ்சினில் ஒயில் அழுத்தத்தால் வேலை செய்யும் ஹைட்ரோலிக் டெப்பட்டுகள். அவ்வளவு கவலை வேண்டாம். சூடான பிறகும் அடங்காவிட்டால் ஒயில் குறைந்திருக்கலாம், பழையதாக இருக்கலாம். காலைக் குளிரில் வெள்ளைப் புகை வருவது வெறும் நீராவி. நீலப் புகைதான் எதிரி, ஒயில் எரிகிறது என்று அர்த்தம்.

பிறகு ரம்பொடை வரை இறங்குங்கள். இறக்கத்தில் பிரேக்கையே மிதித்துக்கொண்டு போகாமல், குறைந்த கியரில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு வாருங்கள். அப்போது எஞ்சினுக்குள் உறிஞ்சும் வேகம் அதிகமாகி, வால்வ் சீல்கள் தேய்ந்திருந்தால் ஒயில் உள்ளே இழுபடும். இறக்கம் முடிந்து ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது பின்னால் நீலப் புகை ஒரு கொத்தாக வரும். பின்னால் ஒரு நண்பரை இன்னொரு வாகனத்தில் வரச் சொல்லுங்கள், அவர் பார்க்கட்டும். கொழும்பில் சமதளத்தில் ஓட்டிப் பார்க்கிறவருக்கு இந்த வசதி எளிதில் கிடைக்காது.

திரும்பி ஏறும்போது எஞ்சினுக்கு வேலை கொடுங்கள். மேலே வந்து நிறுத்தி, அணைத்துவிட்டு, காருக்கு அடியில் ஒரு காகித அட்டையை விரித்து, ஒரு தேநீர் குடிக்கிற நேரம் காத்திருங்கள். சூடான ஒயில் மெலிந்து ஓடும். குளிரில் மறைந்திருந்த கசிவு இப்போது அட்டையில் வந்து விழும். பொனட்டைத் திறந்தவுடன் மூக்கைப் பயன்படுத்துங்கள். கருகிய வாடை வந்தால் டெப்பட் கவரிலிருந்து ஒயில் சைலன்சர் குழாய்ப் பக்கம் இறங்குகிறது. அது தீப்பிடிக்கக்கூடிய விஷயம். சிறிய கசிவு என்று விடக்கூடாது.

ஒயிலை வெளியே தள்ளுவது சில சமயம் சீல் அல்ல, உள்ளழுத்தம். டெப்பட் கவரில், எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பீசீவீ வால்வ் என்று ஒரு சின்ன உதிரிப்பாகம் இருக்கும். கழற்றிக் குலுக்கினால் கடகடவென்று சத்தம் வர வேண்டும். அடைத்துப்போயிருந்தால் எந்த சீலைப் புதிதாகப் போட்டாலும் மறுபடி கசியும்.

அந்தக் கார் மஹகஸ்தொட்ட, ரதெல்ல மலையேற்றப் போட்டிகளில் ஓடியதா என்றும் கேளுங்கள். ஓடியிருந்தால் கெட்டது என்று இல்லை; நன்றாகப் பராமரித்திருக்கவும் கூடும். ஆனால் விலை அதற்கேற்ப இருக்க வேண்டும். விலை என்றதும், 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்ற பிறகு ஏறிய விலையையே பலர் இன்னும் மனதில் வைத்திருக்கிறார்கள். 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்குக் கதவு திறந்தும், இவ்வளவு பழைய கார் புதிதாக வரப்போவதில்லை என்பது விற்கிறவருக்கும் தெரியும். அதனால் அவர் இறங்காமல் நிற்பார். நீங்கள் விரலில் ஒட்டிய ஒயிலைக் காட்டிப் பேசுங்கள்.

சென்சர் வளையம்தான் காரணம் என்றால், வாங்குங்கள். ஒரே ஒரு போல்ட்தான் பிடித்திருக்கிறது. கழற்றுமுன் சென்சர் இருந்த நிலைக்கு ஒரு கோடு போட்டுவையுங்கள். அது கொஞ்சம் திரும்பினாலும் இக்னிஷன் டைமிங், அதாவது தீப்பொறி விழும் நேரம், மாறிவிடும். பின் சீல்தான் என்று உறுதியானால், கிளச் எப்போது மாற்றியது என்று கேளுங்கள். கியர் பொக்ஸை இறக்குவது ஒரு தடவைதான் இருக்க வேண்டும், சீலும் கிளச்சும் சேர்த்தே செய்துவிடலாம். அந்த முழுக் கூலியையும் விலையிலிருந்து கழிக்கச் சொல்லுங்கள். மறுத்தால் விட்டுவிடுங்கள்.

கடைசியாக, கசிவோடு வாங்கி ஹட்டன் வரை ஓட்டி வரலாமா என்று கேட்டிருந்தீர்கள். கருகிய வாடை இல்லாவிட்டால் வரலாம். இந்த எஞ்சின் நான்கு லீட்டருக்கும் குறைவான ஒயிலில் ஓடுகிறது, அதனால் ஒரு லீட்டர் ஒயிலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நானுஓயா தாண்டி தலவாக்கலையில் நிறுத்தி, சமதளமான இடமாகப் பார்த்து, டிப்ஸ்டிக்கை ஒரு முறை இழுத்துப் பாருங்கள்.