மறதிக்கு முன்பே

நேயர்களுக்கு வணக்கம்.

1906இல் அலோய்ஸ் அல்சைமர் என்ற மருத்துவர், நினைவு குலைந்து இறந்த ஒரு பெண்ணின் மூளையை நுண்ணோக்கியில் பார்த்து, அதில் கண்ட படிவுகளை ஓர் அவையில் விவரித்தார். அதற்குப் பிறகும் நெடுங்காலம், அவர் பெயரையே தாங்கிய அல்சைமர் என்னும் இந்த மறதி நோயை உறுதிசெய்ய, நோயாளி இறந்த பின் மூளையைத் திறந்துதான் பார்க்க வேண்டியிருந்தது. அமிலாய்டு என்னும் அந்தப் படிவோ, மறதி தலைகாட்டுவதற்கு 15, 20 ஆண்டுகளுக்கு முன்பே சேரத் தொடங்கிவிடுகிறது. அம்மா ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறாரே என்று வீட்டார் கவலைப்படும்போது நோய்க்கு வயது ஏறியிருக்கும்.

அப்புறம் மூளையில் உள்ள படிவைப் படத்தில் காட்டும் பெட் ஸ்கேன் வந்தது. முதுகில் ஊசி போட்டுத் தண்டுவட நீரை எடுத்துப் பார்க்கும் முறையும் வந்தது. ஒன்றுக்குச் செலவு அதிகம், மற்றொன்றுக்குப் பலரும் பயப்படுகிறார்கள். இதெல்லாம் சாதாரண ரத்தப் பரிசோதனையில் தெரிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

அதற்குக் கைகொடுத்தது பி-டாவ் 217. டாவ், நரம்பணுவின் உள்கட்டமைப்பைத் தாங்கும் புரதம். அதன் 217ஆம் இடத்தில் பாஸ்பேட் ஒட்டிய வடிவம், மூளையில் அமிலாய்டு சேரும்போது ரத்தத்தில் கூடுகிறது. ஆனால் அது இருப்பது ஒரு மில்லிலிட்டரில் பிக்கோகிராம் கணக்கில். பிக்கோகிராம் என்பது ஒரு கிராமை லட்சம் கோடியாகப் பிரித்ததில் ஒரு பங்கு. அதை நம்பகமாக அளக்கும் கருவிகளுக்கே பல ஆண்டுகள் பிடித்தன. ரத்தம் எடுத்த சோதனைக் குழாயைச் சில மணிநேரம் மேசையில் விட்டுவிட்டாலே அதிலுள்ள அமிலாய்டு அளவு இறங்கிவிடும். பி-டாவ் 217 அவ்வளவு சீக்கிரம் மாறாது. சோதனைக்கூடத்தில் இது பெரிய நிம்மதி.

2025 மே மாதம் அமெரிக்காவின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்டிஏ, இந்த வகையில் முதல் ரத்தப் பரிசோதனையை அனுமதித்தது: 55 வயதும் அதற்கு மேலும் ஆகி, அறிகுறிகளும் உள்ளவர்களுக்கு மட்டும். அதில் சிலருக்கு ஆம் என்றும் வராது, இல்லை என்றும் வராது. இடைப்பட்ட முடிவு வரும். அவர்களுக்கு மேல்பரிசோதனை தேவை. சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் பி-டாவ் கூடலாம். ஆகவே எண்ணை மட்டும் பார்த்து நோயைத் தீர்மானிக்கக் கூடாது.

நல்ல நினைவோடு இருப்பவர்கள் பயத்தில் இதைச் செய்துகொள்ள வேண்டாம் என்பதே என் கருத்து. படிவு இருந்தும் கடைசிவரை மறதி வராதவர்கள் இருக்கிறார்கள். அந்த முடிவைக் கையில் வைத்துக்கொண்டு அவர்கள் தூக்கம் இழப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

அறிகுறி உள்ளவருக்கோ ஒவ்வொரு மாதமும் முக்கியம். லெகனெமாப் போன்ற மருந்துகள் நோயைக் குணப்படுத்துவதில்லை, அதன் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கின்றன. அதுவும் தொடக்க நிலையில் இருப்பவர்களுக்குத்தான். மூளையைத் தாக்கும் இன்னொரு நோயான பார்க்கின்சனில், ஆல்பா சினுக்ளின் என்னும் புரதத்தைத் தேடும் சோதனை பெரும்பாலும் இன்னும் தண்டுவட நீரையே நம்பியிருக்கிறது. அதையும் ரத்தத்துக்குக் கொண்டுவரப் பலர் உழைக்கிறார்கள்.

உங்கள் வீட்டில் ஒருவருக்கு நினைவு தடுமாறினால், வயதாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். முதலில் தைராய்டையும் பி12 அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். அவற்றால் வரும் தடுமாற்றத்துக்கு இன்றே சிகிச்சை இருக்கிறது.