ஆயுளைப் பறிப்பது புகையே!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். ‘தலை, கழுத்துப் புற்றுநோயில் நோயாளியின் ஆயுளைப் பெரிதும் குறைப்பது ரத்தசோகையா, புகையா?’ புகைதான் என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் அருமையாகப் பாடம் நடத்தினார். கதிர்சிகிச்சையில் பாயும் கதிர், புற்றணுவின் டிஎன்ஏவை உடைக்கிறது. அந்த உடைப்பு மறுபடி ஒட்டிக்கொள்ளாமல் நிலைக்கச் செய்வது ஆக்சிஜன். ஆக்சிஜன் வற்றிய அணுவைக் கொல்ல இரண்டரை முதல் மூன்று மடங்கு கதிர் தேவை. ஆகவே ரத்தம் குறைந்தால் ஆள் காலி என்று முடித்தார். முடிவைத் தவிர மற்றதெல்லாம் சரி.

ஆக்சிஜன்தானே வழக்கு? அப்படியானால் திருடன் யார் என்று பார்ப்போம். சிகரெட் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜனைப் போல 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக, ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும். நிறையப் புகைப்பவரின் ஹீமோகுளோபினில் 10 சதவீதம் வரை அதன் பிடியில் இருக்கலாம். லேப் ரிப்போர்ட்டில் 14 கிராம் என்று இருக்கும்; அதில் 1.4 கிராம் வேலைக்கு ஆகாது. மிச்சம் 12.6. ஆணுக்கு 13-க்குக் கீழே போனால் ரத்தசோகை என்கிறது உலக சுகாதார நிறுவனம். ரிப்போர்ட்டில் இல்லாத சோகை உடம்பில் இருக்கிறது! அதோடு, மிச்சமுள்ள ஹீமோகுளோபினும் கையிலிருக்கும் ஆக்சிஜனைத் திசுவுக்கு லேசில் விடாது. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரோ கார்பன் மோனாக்சைடையும் ஆக்சிஜன் என்றே எண்ணி 98 காட்டும். போதாக்குறைக்கு, பல வருடம் புகைத்தவரின் எலும்பு மஜ்ஜை ஈடுகட்ட அதிகமாகச் சிவப்பணுவை உண்டாக்கும். ரிப்போர்ட் இன்னும் அழகாகிவிடும்.

ரத்தசோகை கெட்ட அறிகுறி என்பதை மறுக்கவில்லை. ஆனால் பெரிய கட்டி, விழுங்க முடியாத தொண்டை, ரத்தக் கசிவு, சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து என்று பல வழியில் வந்து சேர்வது அது. அதுவே முதல் குற்றவாளி என்றால், ரத்தத்தை ஏற்றினால் ஆயுள் கூடியிருக்க வேண்டுமல்லவா? ஏற்றிப் பார்த்தார்கள், ஐயா! 2003-இல் ‘லான்செட்’ இதழில் வந்த ஆய்வில் 351 தலை, கழுத்துப் புற்றுநோயாளிகள்; ஒரு பாதிக்கு ரத்தம் ஊறவைக்கும் எரித்ரோபொய்ட்டின் ஊசி, மறு பாதிக்கு மருந்தில்லாத வெறும் ஊசி. மருந்து போட்டவர்களில் 82 சதவீதம் பேருக்கு ஹீமோகுளோபின் இலக்கைத் தாண்டியது. நோய் கட்டுப்பட்டதா? வெறும் ஊசி போட்டவர்களைவிட மோசமானது. டென்மார்க்கில் இதே வகை மருந்தை வைத்து நடந்த சோதனையைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். அங்கேயே சிகிச்சைக்கு முன் ரத்தம் ஏற்றியும் பார்த்தார்கள், பலன் கூடவில்லை. ஹீமோகுளோபின் அளவை உயர்த்தினார்கள், ஆயுள் உயரவில்லை. எதிரணி இதற்குப் பதில் சொல்லட்டும்.

இப்போது எங்கள் பக்கம். 1993-இல் கனடாவில் பிரௌமன் குழு, முற்றிய நிலையில் கதிர்சிகிச்சை பெற்ற 115 பேரைப் பார்த்தது. சிகிச்சையின்போதும் புகைத்தவர்களில் கட்டி முழுதாகக் கரைந்தது 45 சதவீதம் பேருக்கு, புகைக்காதவர்களில் 74. இரண்டு வருடம் உயிரோடிருந்தவர்கள் 39 சதவீதம், 66 சதவீதம். ‘வைரஸால் வரும் தொண்டைப் புற்று எளிதில் குணமாகுமே’ என்பார்கள். 2010-இல் வந்த அமெரிக்க ஆய்வு, தினம் 20 சிகரெட் என்று ஒரு வருடம் கூடக்கூட மரண அபாயம் சுமார் 1 சதவீதம் ஏறுகிறது என்று காட்டியது. வைரஸ் வகையையும் புகை விட்டுவைக்கவில்லை.

‘கரண்ட் வைக்க, அதாவது கதிர்சிகிச்சை, ஆரம்பித்து நாலு வாரமாச்சு, இனி புகையை நிறுத்தி என்ன பயன்?’ என்றார் எதிரணி நண்பர். வழக்கமான 35 தடவையில் இன்னும் 15 பாக்கி இருக்கிறது! ஏறிய கார்பன் மோனாக்சைடில் பாதி வெளியேற 4, 5 மணி நேரம் போதும். இன்று ராத்திரி நிறுத்தினால் நாளை காலை மெஷின் அடியில் படுக்கும்போதே வித்தியாசம் இருக்கும். நாலாவது வாரம் வாயெல்லாம் புண். புகையை விட உதவும் நிக்கோட்டின் சூயிங்கம் எரியும். தோலில் ஒட்டும் நிக்கோட்டின் பட்டைதான் தோது. தினம் 10-க்கு மேல் பிடித்தவருக்குப் பொதுவாக 21 மில்லிகிராமில் தொடங்கி, டாக்டர் படிப்படியாகக் குறைப்பார். கதிர் படும் கழுத்தில் ஒட்டக் கூடாது, மேல்கையில் ஒட்டலாம்.

மணி அடித்துவிட்டது நடுவரே, அமர்கிறேன்.