போதையின் பாவமும் அடிமைப்பட்டவரின் பொறுப்பும்

அன்பார்ந்தவர்களே,

கானா ஊர்த் திருமணத்தில் ஆண்டவர் தண்ணீரைத் திராட்சை மதுவாக்கினார். மதுவே தீயது என்று திருச்சபை கற்பிப்பதில்லை. வயிற்றுக்காகக் கொஞ்சம் திராட்சை மது பருகும்படி திமொத்தேயுவுக்கு எழுதிய அதே பவுல்தான், குடிவெறியருக்கு இறையாட்சியில் உரிமை இல்லை என்று கொரிந்தியருக்கும் எழுதினார். அப்படியானால் எது பாவம்? நல்லது கெட்டது பிரித்தறியக் கடவுள் தந்த அறிவைத் தக்க காரணமின்றி, தெரிந்தே மழுங்கடிப்பது.

இடைக்கால இறையியலாளர் புனித தாமஸ் அக்குவினாஸ் இதை மூன்றாகப் பிரிக்கிறார். பானத்தின் வீரியம் தெரியாமல் குடித்து மயங்கியவர்மேல் பாவம் இல்லை. அளவு மிஞ்சுகிறது என்று தெரிந்தும், அது வெறியேற்றும் என்று அறியாதவர் செய்வது அற்பப் பாவம். இரண்டும் தெரிந்திருந்து, குடிக்காமல் இருப்பதைவிட வெறியே மேல் என்று குடிப்பவர் செய்வது சாவான பாவம், அதாவது கடவுளோடுள்ள அருளுறவையே முறிக்கும் பாவம்.

போதைப்பொருளில் இந்தப் படிகளுக்கு இடம் குறைவு. மதுவை மயங்காமலும் பருகலாம். இதையோ மயக்கத்துக்காகவே எடுக்கிறார்கள். மருத்துவக் காரணம் தவிர்த்த பயன்பாடு கனமான குற்றம் என்கிறது கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், எண் 2291. நோயாளிக்கு மருத்துவர் தரும் மார்ஃபின் வேறு. சாவை விரும்பாமல், வலியைத் தணிக்கவே தரும் மருந்து ஆயுளைக் குறைக்கக்கூடும் என்றாலும் தரலாம் என்று திருத்தந்தை 12-ஆம் பயஸ் 1957-லேயே விளக்கினார். குடித்துவிட்டு வண்டி ஓட்டிப் பிறர் உயிருக்கு ஆபத்து விளைவிப்பதையும் எண் 2290 பெருங்குற்றமாகவே வைக்கிறது. யார்மீதும் மோதாமல் வீடு சேர்ந்தாலும் அது குற்றம்தான்.

இனி, கடினமான கேள்வி. விட நினைத்தும் விட முடியாதவரின் நிலை என்ன? சாவான பாவத்துக்குக் கனமான பொருள் (செய்யும் செயலே பெருந்தீமையாக இருத்தல்), முழு அறிவு, முழு மனச்சம்மதம் மூன்றும் வேண்டும். பழக்கமும் கட்டுக்கடங்காத பற்றும் பொறுப்பைக் குறைக்கலாம், சில வேளை நீக்கவும் கூடும் என்று எண் 1735 சொல்கிறது. செயலின் கனம் வேறு, ஆளின் குற்றப்பொறுப்பு வேறு. இவ்விரண்டையும் ஒன்றாக்குவதால் வந்த துயரம் கொஞ்சமல்ல.

சீனத்து மருத்துவர் மாற்கு ஜீ தியான்சியாங் வயிற்று நோய்க்காக அபினி எடுத்து அதற்கு அடிமையானார். திரும்பத் திரும்ப அதே பாவத்தை அறிக்கையிட்டதால், மனம் திரும்பவில்லை என்று கருதிக் குரு பாவமன்னிப்பு மறுத்தார். ஏறத்தாழ 30 ஆண்டுகள் அவருக்கு நற்கருணை இல்லை. ஆனாலும் அவர் கோவிலை விடவில்லை. 1900-இல் விசுவாசத்துக்காகக் குடும்பத்தாருடன் கொல்லப்பட்டார். 2000-இல் திருச்சபை அவரைப் புனிதர் என்று அறிவித்தது. மீண்டும் விழக்கூடும் என்ற அச்சம் இருந்தாலும் மனவருத்தமும் தீர்மானமும் உண்மையாக இருக்க முடியும் என்று 1996-இல் திருத்தந்தை 2-ஆம் யோவான் பவுல் எழுதினார். பாவ அறிக்கை செய்யும் ஒப்புரவு அருட்சாதனத்தில் கேட்கப்படுவது இப்போதைய மனத்தின் உறுதி. நாளைக்கான ஜாமீன் அல்ல.

இதனால் பொறுப்பே இல்லை என்று ஆகிவிடாது. புட்டியைக் கையில் எடுத்த நேரத்தில் ஒருவருக்குச் சுதந்திரம் மிகக் குறைவாக இருக்கலாம். ஆனால் தெளிவாக இருந்த காலையில் இருந்ததே! சம்பளத்தை வீட்டில் ஒப்படைத்தாரா, குடிக்கும் கூட்டாளியைத் தவிர்த்தாரா, மருத்துவரிடம் போனாரா? மனச்சான்றைச் சோதிக்க வேண்டிய இடம் அது. பாவச் சந்தர்ப்பத்தை விலக்கு என்ற பழைய அறிவுரை இங்கேதான் முழுப் பொருள் பெறுகிறது.

குருக்களுக்கும் குடும்பத்தாருக்கும் ஒன்று. நெடுநாள் மிகுதியாகக் குடித்தவரை, இன்று முதல் ஒரு சொட்டும் தொடமாட்டேன் என்று பீடத்தின் முன் சத்தியம் செய்யவைத்து, அப்படியே வீட்டுக்கு அனுப்பாதீர்கள். திடீரென நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் வரலாம், உயிரே போகலாம். முதலில் மருத்துவக் கண்காணிப்பில் நிறுத்தச் செய்யுங்கள். வாக்குறுதியை அதன் பிறகு கொடுக்கட்டும்.